தலையைப் பார்த்து எழுதாதீர்கள்

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு சர்வீஸ் ரெஜிஸ்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் இருக்கும். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு என்று எழுதியிருப்பார்கள். தலை நிறையக் கருத்த முடி என்று எந்தக் குமாஸ்தாவும் எழுத மாட்டார். அறுபது வயதில் பென்ஷன் பேப்பர் தயாராகும்போது அந்த முடி இருக்காது. இருந்தாலும் கருப்பாக இருக்காது. மாறக்கூடியதை அடையாளமாக எழுதக் கூடாது என்பது ஆபீஸில் சேர்ந்த முதல் மாதமே எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம்.

பறவைகளுக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரர்கள் இந்த விதியைப் பின்பற்றவில்லை. அதனால் வந்த குழப்பம் இன்றும் நம் பழவேற்காட்டில் நீடிக்கிறது. இன்று கடற்காகங்களைப் பற்றி எழுதப் போகிறேன். இந்த வயதில் கடற்காகம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏரியின் எதிர்காலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

மகனுக்கு சிப்காட்டில் வேலை என்பதால் ரிட்டயர் ஆன பிறகு நாங்கள் காரைக்காலை விட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டோம். இங்கே மின்சார ரயிலில் ஏறினால் கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஐப்பசி முதல் சித்திரை வரை மாதம் இரண்டு முறையாவது போய்விடுவேன். ஒரு பழைய பைனாகுலர், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பாட்டில் தண்ணீர். பத்து வருஷமாக இதுதான் பழக்கம்.

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. நம் பக்கத்தை 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பழவேற்காடு என்றதும் எல்லோரும் பூநாரையைத்தான் கேட்பார்கள். அதற்குச் சூலூர்பேட்டையில் விழாவே எடுக்கிறார்கள். கடற்காகத்தை யாரும் கேட்பதில்லை. பாலத்தின் கீழேயும், மீன் இறங்கும் இடத்திலும், முகத்துவாரத்து மணல் திட்டிலும் நூற்றுக்கணக்கில் அது இருந்தாலும், கடல் காக்கா என்றோ கடல் புறா என்றோ ஒரே பெயரில் தள்ளிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.

நம் கரைக்குக் குளிர்காலத்தில் வரும் கடற்காகங்களில் முக்கியமானவை நான்கு. அதிகமாக இருப்பது பழுப்புத்தலைக் கடற்காகம். அதோடு கொஞ்சம் கருந்தலைக் கடற்காகம் கலந்திருக்கும். பெரிய உருவத்தில் பெரிய கருந்தலைக் கடற்காகம் ஒன்று உண்டு. காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து 1773-இல் இதை விவரித்த பல்லாஸ் என்பவரின் பெயரால் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். நான்காவது, முதுகு கருஞ்சாம்பல் நிறமும் கால் மஞ்சளுமாக இருக்கும் ஹ்யூக்ளின் கடற்காகம்.

இனி குழப்பத்துக்கு வருவோம். பழுப்புத்தலைக் கடற்காகத்தை 1840-இல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். சென்னை ராஜதானியின் ராணுவ மருத்துவப் பணியில் இருந்தவர். பழுப்புத்தலை என்ற பொருள் வரும்படி லத்தீனில் பெயர் வைத்தார். அந்தத் தலை நம் ஊரில் பழுப்பாக இருப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தது போல ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. கருந்தலைக் கடற்காகத்துக்கு இனப்பெருக்கக் காலத்தில் வரும் தலை நிறம் கருப்பே கிடையாது. நல்ல காபிக்கொட்டை நிறம். கருந்தலை என்று பெயர் பெற்றதன் தலை பழுப்பு. பழுப்புத்தலை என்று பெயர் பெற்றதன் தலை, நாம் போய்ப் பார்க்கும் மாதங்களில் வெள்ளை. இப்படி ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜனவரியில், என்னோடு தினமும் நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். கையில் இருந்த புத்தகத்தின் படத்தையும் பாலத்தின் கீழே மிதந்த கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சார், பழுப்புத்தலை நிறைய வரும் என்றீர்கள், ஒன்றுகூட இல்லையே?” என்றார். கீழே இருந்த இருநூறில் கிட்டத்தட்ட எல்லாம் அதுதான். அவர் மேல் குற்றமில்லை. படத்தில் சித்திரை மாதத்துத் தலையைப் போட்டுவிட்டுத் தை மாதத்தில் தேடச் சொன்னால் யாரால் முடியும்?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தில் எல்லாக் கடற்காகத்துக்கும் ‘கல்’ என்று ஒரே சொல். பிரெஞ்சில் இரண்டு சொல். சிறியது ‘முவெத்’, பெரியது ‘கோஎலான்’. முவெத் பெண்பால், கோஎலான் ஆண்பால். டிக்டேஷனில் இந்தச் சொற்கள் வந்தபோது, இரண்டும் கணவன் மனைவி என்று எங்கள் வகுப்பில் ஒரு பையன் சொல்ல, வாத்தியார் சிரித்துவிட்டு, இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று விளக்கினார். பழவேற்காட்டில் எனக்கு அந்தப் பிரிவு ரொம்ப உதவியாக இருக்கிறது. முதலில் சிறிசா பெரிசா என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பழுப்புத்தலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘முவெத் த்யு திபே’. திபெத்துக் கடற்காகம் என்று அர்த்தம். தலை நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் மாறாது. கருந்தலைக்கு ‘முவெத் ரியேஸ்’, அதாவது சிரிக்கும் கடற்காகம். அதன் குரலைக் கேட்டவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் புரியும். அந்தக் குரலும் வருஷா வருஷம் மாறுவதில்லை.

பிரெஞ்சுப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. தமிழில் நாம் ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம் என்பதுதான் என் ஆதங்கம். நாம் அந்தப் பறவையைப் பார்க்கும் மாதங்களில் எப்படி இருக்கிறதோ, அதைப் பார்த்து ஒரு பெயர் வைத்திருக்கலாம்.

சரி, தலை ஏன் மாறுகிறது? இறகு முளைத்த பிறகு நமக்கு நரைப்பது போல ஒவ்வொரு இறகும் நிறம் மாறிக்கொண்டிருப்பதில்லை. பழையது உதிர்ந்து புதியது முளைக்கிறது. வருஷத்தில் இரண்டு முறை இது நடக்கும். குஞ்சு பொரித்து முடிந்த பிறகு சிறகு, வால் உட்பட எல்லா இறகையும் மாற்றிக்கொள்ளும். அடுத்த இனப்பெருக்கத்துக்கு முன்னால் தலையிலும் உடம்பிலும் உள்ளவற்றை மட்டும் மாற்றும். இந்த இரண்டாவது மாற்றம்தான் மாசி, பங்குனியில் நம் கண் முன்னால் நடக்கிறது. மாசியில் பார்த்தால், பாதி டை அடித்துவிட்டு எழுந்து வந்த மனிதரைப் போல முகம் திட்டுத் திட்டாக இருக்கும். பங்குனி முடிவதற்குள் பெரும்பாலானவற்றுக்குத் தலை முழுவதும் பழுப்பாகி, கழுத்தோரத்தில் அடர்ந்த கரை கட்டிவிடும். பெரிய கருந்தலை மட்டும் அவசரக்காரர். சிலவற்றுக்குப் பொங்கல் கழிந்த கையோடு தலை கருக்க ஆரம்பித்துவிடும்.

சித்திரையில் கூட்டம் கரைந்துவிடும். பழுப்புத்தலைகள் கூடு கட்டுவது திபெத்து, சிங்ஹாய் பீடபூமி ஏரிகளில். நம் நாட்டிலேயே லடாக்கில் சோ மோரிரி, சோ கர் ஏரிகளிலும் கூடு கட்டுகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரம்.

அந்தத் தலை எதற்கு என்று ஆராய்ந்தவர் நிகோ டின்பெர்கன். டச்சுக்காரர். 1973-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். கடற்காகங்களின் நடத்தையைப் பல வருஷம் பக்கத்தில் இருந்து கவனித்தவர். கருந்தலைக் கடற்காகம் அடர்ந்த நிற முகத்தை நேருக்கு நேர் காட்டினால் மிரட்டல். ஜோடி சேரும் ஆணும் பெண்ணும் பக்கத்தில் வந்ததும் சட்டென்று முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும். உன்னோடு எனக்குச் சண்டையில்லை என்று அர்த்தமாம். கூடு கட்ட இடம் பிடிக்கும் மாதங்களில்தான் இந்த முகத்துக்கு வேலை. மார்கழியில் மீன் பொறுக்கும்போது அது தேவைப்படாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இறகு என்பது புரதம். மாசி, பங்குனியில் முளைக்கும் அந்தப் பழுப்பு இறகுகளுக்கான புரதம் எங்கிருந்து வருகிறது? பழவேற்காட்டு மீனிலிருந்தும் இறாலிலிருந்தும், மீனவர்கள் ஒதுக்கிப் போடும் கழிவிலிருந்தும் வருகிறது. கல்யாணம் மலை மேல் நடந்தாலும் அதற்கான உடுப்பை அந்தப் பறவை நம் ஏரியில்தான் தைத்துக்கொள்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் பயணத்துக்கான கொழுப்பையும் இங்கேதான் சேர்க்கிறது. முகத்துவாரம் தூர்ந்து ஏரிக்குக் கடல் நீர் வருவது குறைந்தால் மீனவர் வலையில் மீன் குறையும். அதே வருஷம் பறவைக்கும் சாப்பாடு குறையும். இரண்டு பேருக்கும் ஒரே ரேஷன் கடை.

அப்படியானால் ஜனவரியில் இவற்றை எப்படி அடையாளம் காண்பது? மச்சத்தைப் பார்க்க வேண்டும். மச்சம் சிறகு நுனியில் இருக்கிறது. வளர்ந்த பழுப்புத்தலையின் சிறகு நுனி அகலமான கருப்பு. அந்தக் கருப்புக்குள் கண்ணாடி பதித்தது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கருந்தலைக்கு அப்படி இல்லை. சிறகின் முன்விளிம்பு நுனி வரை நீள்முக்கோணமாக வெள்ளையாக இருக்கும். இறகு முனைகளில் மட்டும் மெல்லிய கருப்புக் கரை. பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கண் வெளிர் நிறம், கருந்தலைக்குக் கருவிழி. இவை தை மாதத்திலும் அப்படித்தான், சித்திரையிலும் அப்படித்தான். பெரிய கருந்தலைக்கு உருவமே போதும். சிறியவற்றின் நடுவில் நின்றால் வாத்துக் குஞ்சுகள் நடுவே தாய் வாத்து நிற்பது போலத் தெரியும். அலகு கனமானது.

சிறகு நுனி கருப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கருப்பு நிறத்தைத் தரும் மெலனின் இறகுக்கு உறுதியையும் தருகிறது. அதிகம் தேயும் இடத்தில் அது இருக்கிறது. செருப்பின் குதிகாலில் தடித்த தோல் வைத்துத் தைப்பார்களே, அது போல.

வயதும் இறகில் எழுதியிருக்கும். முதல் குளிர்காலத்துக் குஞ்சுக்குச் சிறகின் மேல்பக்கம் பழுப்புத் தீற்றல்களும், வால் நுனியில் கரும்பட்டையும் இருக்கும். சிறகு நுனியில் கண்ணாடிப் புள்ளி இன்னும் வந்திருக்காது. கண்ணும் கருப்பாகவே இருக்கும். சிறிய கடற்காகங்கள் இரண்டாவது குளிர்காலத்துக்குள் ஏறக்குறைய பெரியவர்கள் ஆகிவிடும். பெரிய இனங்களுக்கு நான்கு வருஷம் ஆகும். கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணினால், அந்த வருஷம் மலை ஏரிகளில் குஞ்சு பொரிப்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு துப்பு பழவேற்காட்டிலேயே கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கு ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம். 2005 மே மாதம் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் செத்தன. வரித்தலை வாத்துகளோடு பழுப்புத்தலைக் கடற்காகமும் பெரிய கருந்தலைக் கடற்காகமும் அதில் இருந்தன. நம் ஏரிக்கு வரும் அதே இனங்கள். அங்கே அப்படி ஒன்று நடந்தால், அடுத்த குளிர்காலத்தில் இங்கே அதன் அடையாளம் தெரியுமா? முந்தைய வருஷங்களின் கணக்கு இனவாரியாக, வயதுவாரியாக இருந்தால் தெரியலாம். ‘கடற்காகம், ஏராளம்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது.

முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். காகிதத்தில் இல்லாதது அரசாங்கத்துக்கு இல்லை. ஒரு மனிதர் உங்கள் எதிரில் உயிரோடு நின்றாலும், உயிர்வாழ் சான்றிதழ் வராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பறவைக்கும் இதே சட்டம்தான். ஒரு பெரிய திட்டம் வரும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஓர் அறிக்கை தயாரிப்பார்கள். அதற்கு மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தின் தரவு போதும் என்பதே பொதுவான நடைமுறை. நம் கரைக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. பறவைகள் வந்து இறங்கும் மாதங்கள். ஆய்வைச் சித்திரைக்குப் பிறகு ஆரம்பித்தால் இவற்றில் பெரும்பாலானவை ஊரிலேயே இருக்காது. ஜனவரியில் செய்தாலும், புத்தகப் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுபவர் இருப்பதை இல்லை என்று எழுதிவிடுவார்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2023 செப்டம்பரில் நடப்பதாக இருந்து தள்ளி வைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். துறைமுகம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். என் மகனைப் போலத் தொழிற்சாலையை நம்பிப் பிழைப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும், ஏரியில் என்ன இருந்தது என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். கணக்கே தவறாக இருந்தால் லாபம் எது, நஷ்டம் எது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே என் யோசனைகள் மூன்று.

முதலாவது, கணக்கெடுப்பு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அந்த மாதத்தில் பறவைகள் அதிகம் இடம் மாறாமல் இருக்கும் என்பதால் ஜனவரி நல்ல தேர்வுதான். அது இருக்கட்டும். அதோடு பங்குனி கடைசியில் இன்னொரு முறையும் பழவேற்காட்டில் எண்ண வேண்டும். புறப்படுவதற்கு முன் ஏரியை நம்பி எத்தனை பறவைகள் இருக்கின்றன, எத்தனைக்குத் தலை முழுதாக நிறமேறியிருக்கிறது, குஞ்சுகள் எத்தனை என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, படங்கள். ஏரிக்கரையில் வைக்கும் பலகையிலும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கையேட்டிலும் ஒரு பறவைக்கு ஒரு படம் போதாது. மார்கழித் தலை ஒன்று, பங்குனித் தலை ஒன்று, விரித்த சிறகு ஒன்று என்று மூன்று வேண்டும். அச்சுக் கூலி கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

மூன்றாவது, ஆட்கள். இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பார்கள். நமக்கு இருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என்று இந்த வட்டாரத்தில் பென்ஷன் வாங்குபவர்கள் எத்தனை பேர்! கணக்கு எழுதியே காலம் தள்ளியவர்கள் நாம். தேதி போடாமல் ஒரு வரி எழுதியிருப்போமா? இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? நிபுணர்கள் பார்க்க வேண்டிய விஷயம் இது என்று ஒதுங்க வேண்டாம். ஹ்யூக்ளின் குஞ்சுகளைப் போலச் சில கடினமான கேஸ்கள் உண்டு. அவற்றை அடையாளம் தெரியவில்லை என்றே எழுதுங்கள். சந்தேகத்தைச் சந்தேகம் என்று எழுதுவதும் ஒரு நேர்மையான பதிவு.

வரும் பங்குனியில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன் பழவேற்காட்டுப் பாலத்துக்குப் போங்கள். பேரப் பிள்ளைகள் இருந்தால் அழைத்துப் போங்கள்; அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. படகுகள் திரும்பும் நேரத்தில் கடற்காகங்கள் பின்னால் பறந்து வரும். சிறகை விரிக்கும்போது நுனியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தலை எவ்வளவு நிறமேறியிருக்கிறது என்று பாருங்கள். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, குஞ்சு எத்தனை என்று ஐந்து வரி எழுதி வையுங்கள். தை மாதத்தில் போய் எழுதிய ஐந்து வரியும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.